அறுபது விநாடி

எங்கள் இரும்புக் குழாய்க் கிடங்கில் முப்பத்தொரு வாக்கி-டாக்கிகள் இருந்தன. யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, ‘செட்’ என்போம். ஒவ்வொரு செட்டையும் கேபிளால் லேப்டாப்பில் மாட்டி, எந்தச் சேனல், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதையெல்லாம் சாப்ட்வேரில் நிரப்பித் தருவது என் வேலை. ‘ரீட்’ அழுத்தினால் செட்டில் இருப்பது திரைக்கு வரும். ‘ரைட்’ அழுத்தினால் திரையில் இருப்பது செட்டுக்குள் போகும். பச்சைக் கோடு ஒன்று ஓடி முடியும்வரை கேபிளைத் தொடக்கூடாது. சோறு வடிப்பதைவிடச் சுலபம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் அதே கிடங்கில் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவன். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் இருப்பார். குழாய் அடுக்குகளுக்கு நடுவே நடப்பது அவருக்குத் தெரியாது. கீழே நின்று அண்ணன் செட்டில் சொல்லச் சொல்ல அவர் தூக்குவார், இறக்குவார். அண்ணன் அதை மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. “இறக்கு, இறக்கு” என்பதற்கு நடுவே முந்தின நாள் பார்த்த படத்தின் கதை வரும், மாமனார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்ற செய்தி வரும். வானொலி போல ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ‘நிலையம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் அவன் குரல் கேட்டதும் நிலையம் திறந்தாச்சு என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

எல்லாச் செட்டிலும் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ என்று மறுத்துவிடும். அதேபோல, யார் பேசினாலும் அறுபது விநாடியில் செட் தானாகவே வெட்டிவிடும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் வைப்பது ஆபத்து, ஒருவர் பொத்தான் அமுங்கியே கிடந்தால் வேறு யாரும் பேச முடியாது. எனக்கு அது தெரியும்.

அண்ணனுக்கு அறுபது விநாடி போதவில்லை. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு செட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

“பாதிப் பேச்சுல கழுத்தைப் பிடிக்குது. உங்க அண்ணிகூட இவ்வளவு சீக்கிரம் என் வாயை அடைக்கமாட்டா.”

சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்ன செட்டைப் பிரித்தா பார்க்கப் போகிறார் என்றான். சிரித்துக்கொண்டே அறுபதை எடுத்துவிட்டு ‘ஆஃப்’ என்று வைத்து, ரைட் அழுத்தினேன். அவன் ஒருவனுக்கு மட்டும்.

விபத்து நடந்தது காலை பதினொரு மணிக்கு. மேலடுக்கிலிருந்து ஒரு குழாய் வழுக்கி அண்ணனை எதிர் அடுக்கோடு சேர்த்து நெருக்கிவிட்டது. நெஞ்சில் மாட்டியிருந்த செட்டும் நடுவில் சிக்கியது, பொத்தான் அமுங்கியபடி. சேனல் முழுக்க ஒரே இரைச்சல். கிரேன் ஓட்டுபவர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நிலையம் பொத்தானை அழுத்தியதை மறந்துவிட்டது என்று நினைத்தாராம். என் மேசையில் இருந்த செட்டிலும் அந்த இரைச்சல் வந்தது.

அண்ணனை அந்த நிலையில் பார்த்தது ஒல்லி ஒருவர்தான். ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுபவர் அடுத்த வரிசையில் சிக்னல் கொடுப்பவர், அண்ணன் வயதுக்காரர். குழாயைத் தூக்கக் கிரேனைக் கூப்பிட வேண்டும், முதலுதவி அறையைக் கூப்பிட வேண்டும். அவர் செட் பீப் பீப் என்று மறுத்தது. ஓடினார். கிரேன் வரை ஓடி, ஏணியில் பாதி ஏறிக் கத்திவிட்டு, முதலுதவி அறைக்கு ஓடினார். குழாயைத் தூக்கும்போது ஆறு நிமிடம் கடந்திருந்தது. முன்பே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஒல்லி ஓடியதைத்தான் பலரும் பார்த்தார்கள். கூட்டாளியைப் போட்டுவிட்டு ஓடினான் என்று பேச்சாகிவிட்டது. மறுநாள் சூப்பர்வைசர் அவருடைய செட்டை வாங்கி அழுத்திப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. சேனலில் யாரும் இல்லாதபோது செய்யத்தானே செய்யும். ஒரு நிமிடத்தில் சேனல் தானாக விடுபட்டிருக்குமே, ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று கேட்டார். ரொம்ப நேரம் விடவே இல்லை என்றார் ஒல்லி.

“ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்,” என்றார் சூப்பர்வைசர்.

சாவு வீட்டுக்கு வந்த ஒல்லியை அண்ணி படியேற விடவில்லை. அவர் தெருவிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் உள்ளே அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அழுதேனா என்று நினைவில்லை. ஒரு சட்டையில் மேல் பொத்தான் இல்லாதது நினைவிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. அண்ணனின் செட்டை எல்லோர் முன்னிலையிலும் நான் ரீட் செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. முந்தின நாள் மத்தியானம் அறையில் யாரும் இல்லை. விசாரணைக்கென்று போட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அண்ணனின் செட்டை எடுத்தேன். ஓரம் நசுங்கியிருந்தாலும் உயிர் இருந்தது. கேபிளை மாட்டி ரீட் அழுத்தினேன். ‘ஆஃப்’ என்று வந்தது. அதை அறுபது ஆக்கி ரைட் அழுத்தினேன். பச்சைக் கோடு பதினொரு விநாடி ஓடியது. செட்டை உறையில் போட்டுவிட்டுக் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் சூப்பர்வைசர், மறுபக்கம் அண்ணி. ஒல்லி மட்டும் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் ரீட் அழுத்தினேன். அறுபது வந்தது. சூப்பர்வைசர் திரையை அதிகாரி பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் சேனல் கிடைத்திருக்கும் என்று நிதானமாக விளக்கினார். அவர்மேல் தப்பில்லை. திரையில் இருந்ததைத்தான் சொன்னார்.

ஒல்லி குனிந்து அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். அவர் மறுப்பார், கத்துவார் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான்தான் பதட்டத்துல சரியா அமுக்கலையோ என்னவோம்மா. அமுக்கினேன்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

அண்ணி அவரைப் பார்க்கவில்லை.

“நேத்து மத்தியானம் நான்தான் மாத்தினேன்,” என்றேன். என் குரல் பக்கத்து மேசையிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறை ரைட் செய்யும்போதும் ஒரு பிரதியை லேப்டாப்பில் சேமிப்பது வழக்கம். விபத்துக்கு மூன்று வாரம் முந்தைய பிரதியைத் திறந்து காட்டினேன். அண்ணன் செட், தேதி, ‘ஆஃப்’. அப்படி வைக்கச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். அவன்தான் கேட்டான், நான்தான் வைத்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஒல்லி அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழங்கால்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அண்ணியும் நானும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் திரும்பினோம். வேறு இடம் காலியில்லை. பாதி வழியில் கேட்டாள்.

“உங்க அண்ணன் ஏதாவது பேசினாரா, அந்த நேரத்துல? உன் செட்ல கேட்டுச்சா?”

“தெரியலை அண்ணி. வழக்கமான தொணதொணப்புன்னு நினைச்சு சத்தத்தைக் குறைச்சுட்டேன்.”

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்தாள். நானும் எழுந்தேன். ஒல்லி வீடு எந்தத் தெரு என்று கேட்டாள். காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ இங்கயே நில்லு.”

கதவைத் திறந்த ஒல்லியின் மனைவி முதலில் வழிவிடவில்லை. அண்ணி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்படவில்லை, ஆனால் பேச்சு எதுவும் வெளியே வரவில்லை. சிறிது நேரம் கழித்து ஒல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

நான் உட்கார்ந்தேன்.