அஸ்லாக்கின் உதட்டில் ஒட்டிய திருகாணி

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. ரியூக்கான் என்ற எங்கள் மலையூரில் ஓர் உறைந்த அருவியின் அடியில், மூக்கு மரத்துப்போய் நான் நின்றிருந்தபோது, மேலே ஒருவர் உதட்டில் இரும்பு ஒட்டிக்கொண்டது. சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஹோட்டலில் இரவு வேலையை விட்டிருந்த குளிர்காலம் அது. செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

முதல் தொடக்கம்: "மலைகள் மௌனமாக இருந்தன."

(அடித்துவிட்டேன். மலைகள் வேறென்ன செய்யும்?)

இரண்டாவது: "யூருன் தன் பயத்தை வெல்வதற்காகவே அன்று—"

(யூருனுக்குப் பயம் கிடையாது. குழாய் வேலை செய்பவள். ஜனவரியில் ஊரார் கழிவறைகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பவள். அவளுக்கு அருவி, வெடித்த குழாய்களில் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.)

மூன்றாவது தொடக்கம் எழுதவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

2

யூருனுக்கு எங்கள் ஊர் மீட்புக் குழுவில் சேர வேண்டும். போன குளிர்காலத்தில் அவள் தம்பி ஓர் இரவு முழுக்க உறைந்த அருவியில் கயிற்றோடு தொங்கினான். குழுவில் ஆள் போதவில்லை. தம்பி பிழைத்தான், கால்விரல்கள் சில பிழைக்கவில்லை. இதற்கு மேல் அவள் காரணம் சொன்னதில்லை. நானும் கண்ணீர் சேர்ப்பதாக இல்லை.

அஸ்லாக் குழுத் தலைவர். உறைபனியில் ஏறக் கற்றுத்தரும் வழிகாட்டியும் அவர்தான். முதல் தடவை அவளைத் தள்ளிவிட்டார். காரணம் ஒன்றே ஒன்று. மேலே போனவர் தன்னைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இறுக்கி, "ஏறு!" என்று கத்த வேண்டும். அதுவரை கீழே இருப்பவர், குத்திப் பிடித்து ஏறும் கோடாரியைப் பனியில் வைக்கக் கூடாது. யூருன் கத்தலுக்கு முன்பே ஏறிவிட்டாள்.

இது இரண்டாவது வாய்ப்பு. அன்று மாலை குழு கை தூக்கி முடிவு செய்யும். நான் வேடிக்கை பார்க்கவும் பிளாஸ்க் சுமக்கவும் போனேன். பிளாஸ்க்கில் சுடச்சுட கருந்திராட்சைச் சாறு.

"இன்னைக்காவது காது கேக்குமா, இல்ல அதுவும் உறைஞ்சு போச்சா?" என்றார் அஸ்லாக், காலணிக்கு அடியில் கால்முள்களை மாட்டிக்கொண்டே.

"நீ கத்து. எனக்குக் கேக்கும்."

"திருகாணிய வாயில வைக்காத. போன வாரம் ஒரு பையன் வச்சான். தோலோட வந்துச்சு. முட்டாப் பய."

"எழுத்தாளரே, இத எழுதிக்கங்க," என்றாள் யூருன் என்னிடம். "பெரியவர் வாக்கு."

(அவர் பெரியவர் இல்லை. அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கிண்டல்.)

3

அஸ்லாக் அழகாக ஏறினார். மேலே ஒரு விளிம்பில் நின்று, பனிக்குள் இரண்டு குழாய்த் திருகாணிகளை முறுக்கித் தன்னைக் கட்டிக்கொண்டார். மூன்றாவதையும் போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஒரு கையில் கயிறு, மறு கையில் கோடாரி. திருகாணியை எங்கே வைப்பது?

வாயில் வைத்தார்.*

கீழே எங்களுக்குக் கேட்டது: "ங்ங்ங்ங்!"

"என்ன சொல்றான்?" என்றாள் யூருன்.

"சொல்லல. ஊளையிடுறார்."

கயிறு மேலே போய் இறுகியது. இழுத்தது. மறுபடி இழுத்தது.

"யோவ் அஸ்லாக்! ஏறவா?"

"ங்ங்ங்!"

"சொல்லித் தொலையேன்யா!"

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளிக் குழாய் ஒன்று அவர் வாயிலிருந்து சுருட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சொன்னேன். யூருன் சிரிக்கவில்லை.

"இப்ப ஏறினா சாயங்காலம் தள்ளிடுவான். நான் கத்தலியேம்பான்."

"ஏறலைன்னா?"

"உதடு போயிடும்." கயிற்றைப் பிடித்து முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். கயிறு அசையவில்லை; மேலே கட்டு உறுதிதான். பிளாஸ்க்கை என் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைக்குள் திணித்தாள். "போடா நீயும் உன் கத்தலும்," என்று அருவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினாள்.

* வாயால் ஊதினால் விடாதா என்று கேட்பவர்கள், மைனஸ் பதினெட்டில் இரும்புக் குழாயை உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கவும். பிறகு எனக்கு எழுதவும். பேச முடியாது.

4

இந்த இடத்தில் அவள் ஏறியதை வீரமாக எழுதியிருந்தேன். யூருன் படித்துவிட்டு, "மாடு ஏணியில ஏறுற மாதிரி ஏறினேன். அத எழுதுங்க," என்றாள். எழுதிவிட்டேன்.

விளிம்பை எட்டியதும் அவள் கைகளில் ரத்தம் திரும்பியது. உறைபனியில் கைகளை உயர்த்தியே ஏறி மரத்துப்போன விரல்கள், உயிர் வரும்போது கொல்லும். அவள் உட்கார்ந்து அலறினாள். அவர் "ங்ங்ங்" என்றார். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. நாய் ஒன்று பதில் சொன்னது.

பிளாஸ்க் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. அவர் திறந்தார். அவருக்குத் தன் மோவாய் கண்ணில் படாததால் அவள் ஊற்றினாள். முகவாய், கழுத்து, சட்டை எல்லாம் ஊதாச் சிவப்பு. திருகாணி விட்டது. உதட்டுத் தோலும் கொஞ்சம் போனது.

அஸ்லாக் வாய் திறந்து சொன்ன முதல் சொற்கள்:

"யாரு உன்ன ஏறச் சொன்னது?"

5

மாலை, குழுவின் கொட்டகை. சூடான வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும். ஐந்து பேர். இருவர் அவளுக்குக் கை தூக்கினார்கள். இருவர், "கத்தலுக்கு முன்னாடி ஏறினாள், நாளைக்கு இதே அவசரம் யாரையாவது கொல்லும்," என்றார்கள். அதுவும் பொய்யில்லை. ஐந்தாமவர் அஸ்லாக், உதட்டில் பிளாஸ்திரி.

முதல் முடிவு: அஸ்லாக் கை தூக்கினார். (யூருன் படித்துவிட்டு: "எனக்குப் பிச்சை போடுறீங்களா? சூடா ஊத்துனதுக்குக் கூலியா அது?")

இரண்டாவது முடிவு: தூக்கவில்லை. (அஸ்லாக் படித்துவிட்டு: "நான் அவ்வளவு அல்பமா?")

மூன்றாவது: அஸ்லாக் தன் கையை மெல்ல—

இதற்கு மேல் எழுத மாட்டேன். என்ன நடந்தது என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காதீர்கள். அஸ்லாக்கின் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். உதடு எரிகிறது, விளக்கம் சொல்ல வாய் வராது, கை மட்டும்தான் இருக்கிறது. எதிரே யூருன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கெஞ்ச மாட்டாள். அடுத்து அருவியில் தொங்கப் போகிறவர் யாரென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

வாஃபிள் ஆறுகிறது. கையைத் தூக்குகிறீர்களா, இல்லையா?