தனித்து விடப்படாதவர்

கந்தர்வக்கோட்டையினின்று புதுக்கோட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் செம்மண் மேடுகளில் கவிந்து கிடக்கும் முந்திரித் தோப்புகளைக் கண்டுள்ள அன்பர், வைகாசித் திங்களின் முற்பகலில் அவை எத்தகைய அமைதியில் ஆழ்ந்திருக்கும் என்பதையும் அறிந்திருப்பர். பறிப்பு முடிந்து, எஞ்சி உதிர்ந்த பழங்களின் புளித்த மணம் மண்ணோடு ஊறி, நீர் வற்றிய கண்மாயின் வண்டல் ஓடு ஓடாய் வெடித்து, ஆட்டுக்கூட்டமும் அசைபோட மறந்து நிழலோடு நிழலாய் ஒடுங்கியிருக்கும் பொழுது அது. ஆயினும் பெருந்தொற்று இரண்டாம் முறையாக எழுந்து வந்த அவ்வாண்டு நிலவிய அமைதியோ உழைத்துக் களைத்த ஊரின் அமைதியன்று. மூச்சை அடக்கிக் கதவின்பின் நிற்பவரின் அமைதி. பேருந்துகள் ஓடவில்லை. கடைகள் திறக்கவில்லை. சாலையோரத்துச் சிற்றூராகிய சவேரியார்பட்டியின் கோயில் மணி, இறந்தவர்க்காக ஒரே வாரத்தில் ஒன்பது முறை ஒலித்தபின், நோயில் கிடப்போரை அவ்வொலி அச்சுறுத்துகிறது என்று கண்ட பங்குத்தந்தை, இனி எவர் இறப்பினும் மணி அடிக்கவேண்டா என்று கூறிவிட்டார்.

அவ்வூரில் அமுதவல்லி என்னும் பெண்மணி இருந்தாள். நாற்பத்தாறு அகவை, மகப்பேறு இல்லை, கொத்தனார் ஜெரால்டின் மனைவி. ஊரில் எவ்வீட்டில் இறப்பு நேரினும், முதலில் அழைக்கப்படுபவள் அவளே. வெண்சேலை உடுத்து, செபமாலையைக் கைவிரல்களில் சுற்றியவாறு அவள் வந்து அமர்ந்து, தாழ்ந்த தெளிந்த குரலில் செபத்தைத் தொடங்கினால், மார்பில் அறைந்து அழுதுகொண்டிருந்த பெண்களும் மெல்ல மெல்ல அடங்கி அவள் குரலோடு தம் குரலைச் சேர்ப்பர். புறப்படும்போது, துயருற்றவளின் தலையைத் தடவி, "ஆண்டவரு நம்மளக் கைவிட மாட்டாரு, அழுவாதம்மா" என்பாள். இருபது ஆண்டுகளாக, எத்தனையோ வீடுகளில், ஐயத்தின் நிழலும் படியாத உள்ளத்தோடு அவள் கூறிவந்த சொல் அது. அச்சொல்லின் எடை இன்னதென்று தானே தூக்கிப் பார்க்கும் நாள் அவளுக்கு அதுவரை வாய்க்கவில்லை.

ஜெரால்டு நகைச்சுவை மிக்கவன், உரத்துப் பேசுபவன். கல்லும் சாந்தும் அவன் கைபட்டால் தாமே வரிசையில் நின்றுவிடும் என்பர். ஆயினும் அவனிடம் எவரும் அறியாத அச்சம் ஒன்று இருந்தது. அதனை அறிந்தவள் அமுதவல்லி ஒருத்தியே. இளமையில் கிணறொன்றின் உட்சுவர் எழுப்பும்போது மண் சரிந்து, அரைநாள் இருட்டில் தனியனாய்ப் புதையுண்டு கிடந்து மீட்கப்பட்டவன் அவன். அன்றுமுதல் கதவடைத்த அறையில் தனியே இருக்கமாட்டான். உறங்கும்போதும் மனைவியின் முன்றானை நுனியைப் பிடித்திருந்தால் அன்றி அவனுக்குத் துயில் வாராது. அவள் இதனை ஊரார்க்குச் சொன்னதில்லை. எள்ளி நகைத்ததும் இல்லை.

அத்தகையவனுக்குக் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் மூச்சுத் திணறவும், ஊர்தி வந்து அவனைப் புதுக்கோட்டை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு எடுத்துச் சென்றது. அமுதவல்லிக்குத் தொற்று இல்லை என்று ஆய்வு கூறிற்று. அதனாலேயே அவள் உள்ளே செல்லல் ஆகாது என்றும் கூறினர். உயிர்வளி ஊட்டும் கூடத்துக்குக் கொண்டுசெல்லும்போது, மருத்துவமனையின் வாயிற்கதவு அடையும் முன்னர் அவன் திரும்பிப் பார்த்தான். எப்போதும் ஏதேனும் ஒரு வேடிக்கை மொழி கூறும் அவ்வாய் அப்போது ஒன்றும் கூறவில்லை.

அடுத்த வீட்டு உழவர் ஆவுடையப்பன் நாள்தோறும் காலையில் தம் இருசக்கர வண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துச் சென்றார். நாள் முழுதும் அவள் மருத்துவமனை வாயிலின் எதிரே, வேப்பமர நிழலில், தன்னைப் போலவே காத்திருக்கும் நாற்பது ஐம்பது பேருக்கு இடையே அமர்ந்திருப்பாள். அவள் அருகே விரித்த சாக்கில் அமர்ந்திருந்தவர் ரம்லத் பீவி; கோட்டைப்பட்டினத்தவர்; வெளிநாட்டினின்று விடுப்பில் வந்த மகன் அப்துல்லா உள்ளே கிடந்தான். ஒருவர் கொணர்ந்த நீரை மற்றவர் அருந்தியும், ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் வாயிலில் அழைக்கப்படும் பெயர்களைச் செவியுற்றும், அவ்விருவரும் உடன்பிறந்தார் போல் ஆயினர்.

உள்ளிருந்து செய்தி கொணர்பவள் காத்தாயி என்னும் தூய்மைப் பணியாள். வெளியே வந்து காப்புடை களைந்து நிற்கும்போது, நீரில் நெடுநேரம் ஊறியவை போல் அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கஞ்சியையும் சொல்லையும் உள்ளே கொண்டுசென்று, மறுமொழியோடு வருவாள். முதல் நாள், "கஞ்சியில உப்புப் பத்தலையாம், அங்கிட்டுப் போயிச் சொல்லுன்னாரு" என்றாள்; அமுதவல்லி அழுதுகொண்டே நகைத்தாள். இரண்டாம் நாள், "கதவத் தொறந்து வையின்னு கேட்டுக்கிட்டே இருக்காருக்கா" என்றாள், அமுதவல்லி நகைக்கவில்லை. மூன்றாம் நாள் தலையசைத்தான் என்றாள். நான்காம் நாள் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

அன்று நண்பகலில், சுற்றிலும் காற்றசைவின்றி மரமும் மாந்தரும் வெந்துகொண்டிருக்க, அமுதவல்லி செபமாலையைக் கையில் எடுத்தாள், எடுத்தவாறே இருந்தாள். பிறர்க்காக ஆயிரம் முறை ஓடிய அம்மணிகள் தனக்காக ஒன்றும் நகரவில்லை. நாவில் எழுந்த சொற்கள், பருப்பைப் பிறர் எடுத்துக்கொண்டபின் எஞ்சிய வெற்று ஓடுகளாய்ப் பொருளிழந்து உதிர்ந்தன.

"அக்கா, எத்தன வீட்டுல போயி, ஆண்டவரு கைவிட மாட்டாருன்னு சொல்லியிருப்பேன்! இப்ப எனக்கு அது நெசமான்னே தெரியல. தெரியாமயா அம்புட்டுப் பேருக்கும் சொன்னேன்?" என்று அவள் வினவினாள்.

ரம்லத் பீவி கூறினார்: "எனக்கும் தெரியலம்மா. அஞ்சு வேளையும் தொழுகுறேன். தொழுகுறப்ப மனசு முழுக்க அவன் மூச்சுச் சத்தந்தான் கேக்குது. ஆனா தொழுகாம ஒக்காந்திருந்தா அதவிடப் பயமா இருக்கு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் காத்தாயி வாயிலுக்கு வரவில்லை. உள்ளே ஆள் போதவில்லை என்றனர். ஆறாம் நாள் பிற்பகலில் அமுதவல்லி எழுந்து, மருத்துவமனைச் சுவரோரம் நடந்து, கணவன் கிடக்கும் கூடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தானே கருதிக்கொண்ட ஓரிடத்தில் நின்று, வெயிலில் கொதிக்கும் அச்சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள். அதுவரை அவள் வேண்டிய வேண்டுதல்கள் எல்லாம் பண்டமாற்றுப் பேச்சுகளாகவே இருந்தன: பிழைக்க வைத்தால் நடைப்பயணம் வருவேன், நோன்பு நோற்பேன், தாலியைக் காணிக்கையாக்குவேன். இப்போது பேரம் பேசும் வலிமையும் அவளிடம் எஞ்சவில்லை. உள்ளங்கை சுடச்சுட, அவள் ஒன்றே கேட்டாள்: "அவரத் தனியா விட்டுறாதீங்க, ஆண்டவரே. பொழைக்க வைக்காட்டியும் தனியா விட்டுறாதீங்க. அவரு பயந்துக்குவாரு."

ஒளி தோன்றவில்லை, உள்ளத்தில் அமைதி பொழியவும் இல்லை. கையில் கொப்புளம் ஒன்று எழுந்ததே அன்றைய பயன்.

ஏழாம் நாள் காலை, வாயிற்காவலர் ஜெரால்டின் பெயரை அழைத்தார். அழைத்த குரலிலேயே அது தெரிந்தது. ரம்லத் பீவி அவளைத் தாங்கிப் பிடித்தார். தாளில் கையொப்பம் இட்டுத் திரும்பியபோது, முற்றத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த காத்தாயியைக் கண்டு அமுதவல்லி நின்றாள். அவளை நோக்கிச் சென்று, அருகணையாது ஆறடி அப்பால் நின்று, மெல்லக் கேட்டாள்.

"கடைசியில ஏதாச்சும் சொன்னாராம்மா?"

அன்பரே, அவ்வினாவுக்கு இனிய பொய்யொன்றை விடையாகத் தருதல் எத்துணை எளிது! தன்னிடம் வினவியோர் பலர்க்கும் காத்தாயி அவ்வாறு தந்ததுண்டு. ஆயினும் அன்று அவள் மிகவும் களைத்திருந்தாள். பொய்யைப் புனையவும் வலிமை வேண்டுமன்றோ?

"ஒன்னும் சொல்லலக்கா. நேத்துலேருந்தே பேச்சு இல்ல" என்றாள். பின்னர்த் தலைகுனிந்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவள் போலத் தொடர்ந்தாள்: "காலையில தரையக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போறப்ப, என் உடுப்போட ஓரத்தப் புடிச்சுக்கிட்டாரு. விடல. எடுத்து விட்டேன், மறுபடியும் புடிச்சாரு. சரின்னு கையக் குடுத்தேன். மூனு பேரு கூப்புட்டாங்க, டாக்டரம்மாவும் சத்தம் போட்டாங்க. எனக்கு என்னமோ விட்டுட்டு வரத் தோணலக்கா. அவரு புடி தளருற வரைக்கும் அங்கனயே நின்னேன். அரைமணி நேரம் இருக்கும். மொகத்துல பயம் இல்ல. அதமட்டும் நான் பாத்தேன்."

அமுதவல்லி அசைவற்று நின்றாள். தன் முன்றானை நுனிக்காக ஏங்கும் கணவனின் கை, முன்பின் அறியாத பெண்ணொருத்தியின் உடைநுனியைத் தேடிப் பற்றியதும், தான் வணங்கும் தெய்வத்தை ஒருநாளும் வணங்கியறியாத காத்தாயி, ஏனென்று தனக்கே தெரியாமல் அங்கு நின்றதும், சுவரில் கைபதித்துத் தான் கேட்ட அச்சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுள் வந்து அமர்ந்தன. முன்னே நடந்து, இரு கைகளாலும் காத்தாயியின் ஈரக் கையைப் பற்றினாள்.

"ஐயோ, தொடாதீங்கக்கா! ஒங்களுக்கும் தொத்திக்கும்!"

"அவரு புடிச்ச கைதானம்மா இது" என்றாள் அமுதவல்லி. அதன்மேல் நெற்றியை வைத்து, அந்த ஏழு நாளில் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். காத்தாயி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை சவேரியார்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் ஆவுடையப்பன் மண்வாரி ஊர்தியைக் கொணர்ந்து குழி பறித்து வைத்திருந்தார். பங்குத்தந்தையும் நோயுற்றுத் தனிமையில் இருந்தார். கைப்பேசி வழியே செபம் சொல்ல அவர் முயன்றபோது, குரல் விட்டு விட்டுக் கேட்டு அறவே அறுந்தது. காப்புடை அணிந்த நால்வர் உடலைக் கயிற்றால் இறக்கிவிட்டுச் செய்வதறியாது நின்றனர். இருபதடித் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்த அமுதவல்லி, ஊரார் வீடுகள்தோறும் தான் கூறிய அதே செபத்தைத் தன் கணவனுக்காகத் தானே தொடங்கினாள். "நம்புகிறேன்" என்னும் சொல் வந்தபோது குரல் உடைந்தது. ஆவுடையப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, இம்முறை உடையாது இறுதிவரை கூறி முடித்தாள். கழுத்தளவு வெள்ளத்தில் தத்தளிப்பவர் காலடியில் மண் தட்டுப்பட்டது போன்ற உறுதி அது: வெள்ளம் வடியவில்லை, குளிர் குறையவில்லை, எனினும் நிற்க இடம் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ரம்லத் பீவி அழைத்து, அப்துல்லா பிழைத்து வீடு திரும்பினான் என்று தயங்கித் தயங்கிக் கூறினார். அமுதவல்லி மகிழ்ச்சி என்றாள், அது பொய்யன்று. பின்னர் அடுப்படியில் அமர்ந்து, அவருக்குக் கிடைத்தது எனக்கேன் கிடைக்கவில்லை என்று பொறாமையால் வெதும்பி அழுதாள், அதுவும் பொய்யன்று. நம்பிக்கை உடையார்க்கு இவ்வெதுப்பு வாராது என்று எவரேனும் உரைப்பின், அவர் இழந்தறியாதவர் என்க.

கார்த்திகையில், மழை விடாது பெய்த ஒரு முற்பகலில், கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஆனந்தராஜ் என்னும் இளைஞன் மின்கம்பம் ஏறியபோது மின்சாரம் தாக்கி மாண்டுவிட்டான். அவன் மனைவி சிவரஞ்சனிக்கு மணமாகி ஓராண்டும் நிறையவில்லை. அமுதவல்லி சென்று அமர்ந்து செபமாலையைத் தொடங்க வாயெடுத்தபோது, சுவரில் சாய்ந்து கிடந்த அப்பெண் சிவந்த கண்களைத் திறந்து, கூடியிருந்தோர் அனைவரும் திடுக்கிடக் கேட்டாள்:

"ஒங்க வீட்டுக்காரரையே அவரு காப்பாத்தலியே. அப்புறம் எப்புடி எங்கிட்ட வந்து செபம் சொல்றீங்க?"

பெண்கள் அவளை அடக்க முற்பட்டனர். அமுதவல்லி கையுயர்த்தி அவர்களைத் தடுத்தாள். முன்னாளாயின் தலையைத் தடவி, நாவில் பழகிக் கிடந்த ஆறுதல் மொழியைக் கூறியிருப்பாள். இப்போதோ அவள் கூறினாள்:

"ஆமாம்மா, காப்பாத்தல. நான் கேட்டேன், குடுக்கல. ஏன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா அவரத் தனியா விடல, என்னையும் விடல. அம்புட்டுத்தான் நான் பாத்தது. அத நம்பித்தான் காலையில எந்திரிக்கிறேன். நீ இப்ப ஒன்னையும் நம்ப வேணாம். அழுவு. நான் இங்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

சிவரஞ்சனி செபத்தில் குரல் சேர்க்கவில்லை. பொழுது சாயும்வரை அமுதவல்லி அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். மண்ணுலகில் எவர்க்கும் நாளை என்பது உறுதியன்று. கதவடைத்த கூடங்கள் இன்னும் எத்தனையோ உள. வேண்டுதல்களுள் பல, நிறைவேறாது கேட்டவரிடமே திரும்பி வந்து சேரும். இவற்றையெல்லாம் அறிந்தபின்னும் ஒருத்தி நம்புகிறாள் எனின், அந்நம்பிக்கை அழுகையை அறியாத நம்பிக்கையன்று; அழுதவாறே அருகில் அமர்ந்திருக்கும் நம்பிக்கை. வெளியே மழை ஓய்ந்தபாடில்லை.