வச்சுக்கலாமா

தகர டப்பாவைத் திறந்து சார் நாணயங்களை மேசைமேல் கொட்டியதும் பின்வரிசைக்காரர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். ஜெர்மன் வகுப்பில் பாதிக்கு மேல் நர்ஸ்கள். இரவு டியூட்டி முடித்து நேராக வந்து, வினைச்சொல் பாடம் நடக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியவர்கள். அன்றைக்கு ஒருத்திக்கும் தூக்கம் வரவில்லை. "இலக்கணம்னா கொட்டாவி, யூரோன்னா கண்ணு பளிச்சுன்னு ஆயிடுது" என்று சார் சிரித்தார். அவர் ஜெர்மனியில் பல வருஷம் ஒரு குடோனில் வேலை பார்த்துவிட்டு, முதுகு போய் ஊர் திரும்பியவர். டப்பாவில் இருந்தது அவர் கடைசியாக வந்தபோது சட்டைப் பையில் தங்கிவிட்ட சில்லறை.

நாணயங்கள் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தன. பல் செட் செய்யும் லேபில் வேலை அவளுக்கு. எதைக் கையில் வாங்கினாலும் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்கிற பழக்கம் உண்டு. ஓரம் சரியில்லை என்றால் ஈறு புண்ணாகிவிடும். யூரோவின் ஓரத்தையும் அப்படித்தான் தடவினாள். "இந்தப் பக்கம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான். திருப்பிப் பாருங்க, மறுபக்கம் அவங்கவங்க இஷ்டம். கழுகு போட்டவனும் இருக்கான், ஆந்தை போட்டவனும் இருக்கான். எதைக் குடுத்தாலும் எங்கயும் வாங்கிப்பாங்க" என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் என்ற சொல்லுக்கு அங்கே ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை, ஆனால் யூரோ மட்டும் ஆண்பால் என்று பலகையில் எழுதினார். உடனே லொடலொடா கையைத் தூக்கினாள். பிரசவ வார்டு நர்ஸ் அவள். அந்தப் பெயரை வகுப்பு வைத்தது, அவளும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். "பொதுவா இருக்கிற வரைக்கும் யாருதும் இல்ல, கையில வந்ததும் ஆம்பளையோடதா ஆயிடுதா சார்? எங்க வீட்டுலயும் அதே கதைதான்." வகுப்பே சிரித்தது. சொன்னவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபோது யாரோ கேட்டார்கள். பக்கத்திலேயே இருந்தும் சில நாடுகள் ஏன் யூரோவில் சேரவில்லை? சார் தோளைக் குலுக்கினார். "சிலருக்குத் தங்களோட பணமே போதும்னு தோணிச்சு. வச்சுக்கிட்டாங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பலகையில் ஒரு சொல் எழுதினார். பெஹால்டன். "இதைக் குறிச்சுக்கோங்க, அடிக்கடி வரும். வச்சுக்கிறது. திருப்பிக் குடுக்காம, யாருக்கும் விட்டுக்குடுக்காம, தன்கிட்டயே வச்சுக்கிறது."

பல் லேபில் வேலை செய்கிறவள் எழுதவில்லை. அந்தச் சொல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அர்த்தம் தெரியாது, சத்தம் தெரியும். போன மாதத்துக் காணொளி அழைப்பில் குழந்தை கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

குழந்தை அவளுடைய அக்காவின் மகள். அக்கா கல்யாணமாகி அங்கே போய், புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போய், தனியாளாகப் பிள்ளையை வளர்த்து, போன வருஷம் வயிற்றில் வந்த கட்டியில் போய்ச் சேர்ந்தாள். அப்பன் எங்கே இருக்கிறான் என்று அந்த அரசாங்கத்துக்கும் தெரியவில்லை. குழந்தையை ஒரு குடும்பத்தில் ஒப்படைத்திருந்தார்கள். சித்தி நான் இருக்கிறேன், என்னிடம் அனுப்புங்கள் என்று இவள் வக்கீல் வைத்து விண்ணப்பித்திருந்தாள். முடிவு வரும்வரை மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் பேசலாம். திரையின் ஒரு கட்டத்தில் குழந்தை, இன்னொரு கட்டத்தில் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மாள். முதலில் தமிழில்தான் பேசினார்கள், அந்த அம்மாளுக்குப் புரிவதற்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் துணையோடு. போகப்போகக் குழந்தையிடமிருந்து தமிழ் வருவது நின்றுபோனது. கேட்டால் புரிகிறதா, புரிந்தும் பேசவில்லையா என்று தெரியவில்லை. சித்தி என்பது மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் ஸித்தி என்று ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இனி தேவையில்லை, நீங்கள் ஜெர்மனில் முயற்சி செய்தால் பிள்ளைக்கு நல்லது என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தபோதுதான் அவள் இந்த வகுப்பில் சேர்ந்தாள். அக்கா மகள் அங்கே இருக்கிறாள் என்று முதல் நாள் அவள் சொன்னதற்கு, "அப்ப உங்களுக்கு விசா சுலபம்க்கா" என்று லொடலொடா வாழ்த்திவிட்டாள். அதற்குமேல் விளக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் பேச்சு நன்றாகத்தான் போனது. என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கூடம் எப்படி, வெளியே மழையா. குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி, புதுப்பல்லின் வெள்ளை விளிம்பு தெரிகிறதா என்று இவள் திரைக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தாள். கடைசியில் குழந்தை ஏதோ கேட்டது. மெதுவாக, மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல. இவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொன்னால் அந்த அம்மாள் என்ன நினைப்பாளோ என்று பயம். விளையாட்டாக ஏதோ கேட்கிறது என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக, "யா, யா! ஸேர் குட்!" என்றாள். ஆமாம், ஆமாம், ரொம்ப நல்லது. குழந்தை தலையை ஆட்டிக்கொண்டது. நேரம் முடிந்தது.

வகுப்பில் அடுத்து கடை விளையாட்டு. ஒருவர் ரொட்டி விற்க வேண்டும், ஒருவர் நாணயம் கொடுத்து வாங்க வேண்டும். லொடலொடா அவள் முன்னால் வந்து நின்று, இது என்ன விலை என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் பலகையில் இருந்த சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். லொடலொடா மறுபடி கேட்டாள். "என்னக்கா, கடையைச் சாத்திட்டீங்களா?" என்றவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்படி லொடலொடா வாயை மூடி வகுப்பு பார்த்ததில்லை.

எல்லாரும் போனபிறகு சார் நாணயங்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நினைவில் இருந்த சத்தத்தை அவரிடம் சொன்னாள். பாட்டு மெட்டு மாதிரி அது அவள் காதில் கிடந்தது. "டுர்ஃபன் டீ மிஷ் பெஹால்டன்."

சார் கை நின்றது. "யாரு கேட்டது?"

"எங்கக்கா பொண்ணு. ஏழு வயசு. அங்க ஒரு வீட்டுல வளருது சார். நாங்க கேட்டிருக்கோம், அனுப்பச் சொல்லி."

சார் டப்பா மூடியை அழுத்தி மூடினார். "அவங்க என்னை வச்சுக்கலாமான்னு கேட்டிருக்கு. உங்ககிட்ட."

"நான் ஆமான்னு சொன்னேன் சார். ரொம்ப நல்லதுன்னு சொன்னேன். சிரிச்சேன்."

"புரியாமத்தானம்மா சொன்னீங்க."

"அதுக்கு அது தெரியாதே."

விளக்கை அணைக்க வந்த காவலாளி இருவரையும் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான்.

வீட்டில் அவள் கணவன் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊசி நூல் வேலை எல்லாம் அவன்தான். நாள் முழுக்கப் பல்லோடு மல்லுக்கட்டி வருகிறவளுக்கு நுணுக்கமான எதையும் பார்க்கப் பிடிக்காது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. பிறகு நூலைக் கடித்து அறுத்தான்.

"வக்கீல்கிட்ட சொல்லு. எழுதிக் குடுப்பாரு. தப்பாப் புரிஞ்சு சொல்லிட்டோம்னு."

"ஆபீசுக்குச் சரி. பிள்ளைக்கு யாரு எழுதிக் குடுப்பா?"

அவன் சட்டையை உதறி மடித்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நமக்கு யாரும் இல்லன்னு அவளைக் கேக்குறோமா, அவளுக்கு யாரும் இல்லன்னு கேக்குறோமா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். அரிசியைக் களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து கடைசியாகப் பேசியபோது, பிள்ளையைப் பார்த்துக்கோ என்று சொல்லவில்லை. மருந்து கசக்கிறது என்றாள், ஜன்னலைத் திறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள். சொல்லியிருந்தால் இப்போது கணவனிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவன் அடுப்படி வாசலில் வந்து நின்று, "எனக்கும் ஜெர்மன்ல ஒரு வரி சொல்லிக்குடு. அடுத்த தடவை நானும் பக்கத்துல உக்காந்து அதுகிட்ட சொல்றேன்" என்றான்.

சார் வாக்கியங்களை எழுதிக்கொடுத்தார். அப்போது எனக்குப் புரியவில்லை. இல்லை என்பதுதான் என் பதில். நீ எங்களிடம் வர வேண்டும் என்று விரும்புகிறோம். கடைசி வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், நம்ம பேச்சு மாதிரியேதான், பயப்படாதீங்க என்றார். நாட்கள் அதோடே போயின. லேபில் மெருகு போடும் மெஷினை ஓடவிட்டு அதன் இரைச்சலுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பல் அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகக் காத்திருக்கும்போது சொன்னாள். பஸ்ஸில் உதடு அசையச் சொன்னபோது பக்கத்தில் இருந்த பெண்மணி, ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தாள். கணவனுக்கு ஒரே வரி, நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம் என்று. அதையும் அவன் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொன்னான்.

அழைப்பு நாள் மாலையில் இருவரும் தலைவாரி, இஸ்திரி போட்ட துணி உடுத்தி, மேசைக்குப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் முதலில் அலுவலகத்து அம்மாள் வந்தாள். பிறகு குழந்தை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண்ணின் கை வந்து திரையைச் சரிசெய்துவிட்டு மறைந்தது. விரலில் மோதிரம் இருந்தது, நகம் சுத்தமாக இருந்தது. அந்தக் கையில் குற்றம் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

வணக்கம் முடிந்ததும், வேறெதுவும் குறுக்கே வருவதற்குள், அவள் சொல்லிவிட்டாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. கணவனும் தன் வரியைச் சொன்னான், பாதியில் விக்கி, மறுபடி தொடங்கி. அலுவலகத்து அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது.

"வாரும்?"

ஏன் என்று கேட்கிறது. அது அவளுக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், யார், எங்கே, எப்போது, ஏன். கேள்விகள் எல்லாம் தெரியும். ஏனென்றால் என்று பதில் தொடங்குவது இன்னும் பல பாடம் தள்ளி இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். வந்தது தமிழ். "ஏன்னா… நீ எங்க புள்ளடா செல்லம். உங்கம்மாவும் நானும் ஒரே பாயில படுத்து வளர்ந்தோம். நீ பொறந்தப்ப உங்கம்மா போன்ல உன் அழுகையைத்தான் எனக்குக் கேக்கவச்சா, அவ ஒரு வார்த்தை பேசல…" சொல்லிக்கொண்டே போனாள். கணவன் மேசைக்கடியில் அவள் முழங்கையைத் தொட்டான். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பக்கவாட்டில், திரைக்கு வெளியே யாரையோ பார்த்தது.

திரும்பியபோது முகத்தில் வேறு யோசனை இருந்தது. "ஸித்தி" என்று கூப்பிட்டு ஜெர்மனில் சொன்னது. எனக்கு இப்ப தனி ரூம் இருக்கு. காட்டட்டுமா?

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. யாரும் உதவாமல், மனசுக்குள் மாற்றிப் பார்க்காமல், நேராக வந்து புரிந்த முதல் பேச்சு அது. கணவன், "என்ன சொல்லுது?" என்று கிசுகிசுத்தான். அவள் திரையைப் பார்த்தபடியே, "யா" என்றாள்.

படம் குலுங்கியது. கதவு, சுவர், ஒரு மஞ்சள் திரைச்சீலை, கொக்கியில் மாட்டிய மழைக்கோட்டு எல்லாம் சாய்ந்து சாய்ந்து ஓடின. குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டே எதையோ விளக்கியது, இப்போது வேகமாக, பிடிக்க முடியாத வேகத்தில். பிறகு எதையோ எடுத்துவர வேண்டும் போலிருக்கிறது, கருவியைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு ஓடியது. பாதங்கள் மரத்தரையில் தடதடவென்று போவது கேட்டது. திரையில் கூரை மட்டும் இருந்தது. வெள்ளைக் கூரையில் யாரோ காகித நட்சத்திரங்களை ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கிப் பாதி வரைக்கும்தான் வந்திருந்தன. கணவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். இருவரும் தோளோடு தோள் இடிக்க, அடுத்த கட்டத்து அம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பதையும் பார்த்தபடி, அந்த நட்சத்திரங்களின் அடியில் காத்திருந்தார்கள்.