மூன்றாவது ரோலில் அம்மா

எங்கள் கல்யாணத்தில் வீடியோக்காரர் எடுத்துத் தந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் படம். பந்தியில் வாய் நிறையக் கேசரியோடு மாமனார் இருக்கிறார். செம்மநத்தத்துச் சொந்தம் மொத்தமும் இருக்கிறது. பந்தலுக்குள் புகுந்த நாய்கூட நாலு படத்தில் வருகிறது. என்னைப் பெற்ற கண்ணாயி ஒன்றில்கூட இல்லை.

காரணம் நான்தான். அப்பா போய் ஆறு வருஷம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "நாளைக்கு முன்னாடி வந்து நிக்காதம்மா. போட்டோல விழுந்துட்டா மாப்பிள்ளை ஊட்ல ஏதாச்சும் பேசுவாங்க" என்றேன். மாப்பிள்ளை வீட்டில் யாரும் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்வார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது என்று பேசும் சனங்களை நான் திட்டாத திட்டில்லை. என் கல்யாணம் என்று வந்ததும் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "செரி சாமி" என்றாள். மறுநாள் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வேறு பக்கம் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள். எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மாலை போட ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். அதில் அம்மாவைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வைத்து எடுத்த மாதிரி இருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் ஜோஸ்லின் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதி. ஊரே செல்போனில் எடுக்கும்போது இவள் மட்டும் பழைய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவாள். கேலி செய்தாலும் உறைக்காது. என் கல்யாணத்திலும் கறுப்பு வெள்ளையில் மூன்று ரோல் எடுத்திருந்தாள். எதையும் இன்னும் கழுவக் கொடுக்கவில்லை.

"தீபி, மூணாவது ரோல்ல அம்மாவை நான் ஒரு படம் எடுத்திருக்கேன்" என்றாள்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு அம்மாவே அவளிடம் வந்து கேட்டிருக்கிறாள். "என்னையும் ஒண்ணு எடுத்துடு கண்ணு. எம்புள்ள கல்யாணத்துக்கு நானும் வந்தேன்னு ஒண்ணு இருக்கட்டும். அதுக்குத் தெரிய வேண்டாம்." நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பாக்குநிறச் சேலை. நானும் மாதேஷும் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இதைக் கேட்டு நான் அழுத அழுகை அடுத்த ஊர் வாழவந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜோஸ்லின் மீதியையும் சொன்னாள். "அதுக்குள்ள மஞ்சுமூட்டம் எறங்கிப் பந்தலே இருட்டாயிருச்சு. எங்கிட்ட ஃப்ளாஷ் இல்ல. சாதாரணமாக் கழுவுனா அதுல ஒண்ணும் தெரியாது. மருந்துல நொம்ப நேரம் விடணும். ஆனா அதே ரோல்ல, அதுக்கு முந்தின படம் மாதேஷ் தாலி கட்டுறது. நல்ல வெயில்ல எடுத்தது. அதையும் அத்தனை நேரம் விட்டா வெளுத்துப் போயிரும்."

சேலத்தில் கறுப்பு வெள்ளை கழுவுகிறவர்கள் யாரும் கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு லேப், பெங்களூரில் ஒரு லேப் என்று இரண்டைப் பிடித்தோம். சென்னைக்காரர் கறாராகப் பேசினார். ஒரு ரோலுக்கு ஒரே கழுவல்தான், ஃபிலிமை வெட்ட மாட்டோம், அம்மா படம் கண்டிப்பாக வரும், தாலி கட்டும் படத்தை மறந்துவிடுங்கள் என்றார்.

பெங்களூர் லேப்பில் ஞானசுந்தரம் என்று ஒருவர். நம் பக்கத்து ஆள். "ரெண்டா வெட்டித் தனித்தனியாக் கழுவலாங்க. அம்மா படம் எத்தனையாவது?"

ஜோஸ்லின் கேமராவில் எண் காட்டும் சக்கரம் உடைந்து வருஷமாகிறது. "கடைசியில இருந்து மூணாவது. இல்லன்னா நாலாவதுங்க" என்றாள்.

"அப்ப குத்துமதிப்புதாங்க. இருட்டுல தடவிப் பாத்துத்தான் வெட்டணும். வெட்டு படத்து மேலயே விழுந்தாலும் விழும். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

மாதேஷ் யோசிக்கவே இல்லை. "தாலி கட்டுறது வீடியோக்காரர்கிட்ட நூறு படம் இருக்குது. உங்கம்மா ஒண்ணுதான் இருக்குது. சென்னைக்கே அனுப்பு புள்ள." ஜோஸ்லினும் அதையேதான் சொன்னாள்.

எனக்குத்தான் மனசு வரவில்லை. கல்யாணமான மாசமே வீட்டில் ஒரு சாவு. இதில் தாலி கட்டும் படத்தை நானே தெரிந்து கெடுத்தேன் என்று மாமியார் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ரெண்டும் வேணும், பெங்களூருக்கே அனுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஃபிலிமும் அதிலிருந்து போட்ட படங்களுமாகக் கவர் வந்தது. ஜோஸ்லின் பிரித்தாள். தாலி கட்டும் படம் அத்தனை தெளிவாக வந்திருந்தது. மாதேஷ் விரலிடுக்கில் தாலிக்கயிற்றின் முறுக்குகூடத் தெரிகிறது.

அம்மா படத்தின் மேல் வெட்டு விழுந்திருந்தது. அதிக நேரம் கழுவிய துண்டில் இரண்டு காலி நாற்காலிகள் தெளிவாக இருந்தன. ஒன்றின் முதுகில் நாலு விரல், வளையல் இல்லாத மணிக்கட்டு, கொஞ்சம் சேலைக்கரை. அம்மாவின் முகம் இருந்த பக்கம் தாலிப் படத் துண்டோடு போய்விட்டது. அந்தத் துண்டைத் தாலிப் படத்துக்கு வேண்டிய நேரம்தான் கழுவியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாலிப் படத்தை ஒட்டி விரற்கடை அகலத்துக்கு வெறும் கண்ணாடி மாதிரி ஃபிலிம் இருந்தது.

"நடுவுல நின்னிருந்தா தப்பிச்சிருக்கும்" என்று ஜோஸ்லின் அழுதாள். "நான் நடுவுல வாங்கம்மான்னுதான் சொன்னேன் தீபி. அது புள்ளைங்க எடம், நான் ஓரமா நின்னுக்கறேன்னாங்க."

மாமியார் காளியாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தாலிப் படத்தை வாங்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குது கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுலயும் உங்கம்மா இல்ல. அன்னிக்கு எம்பக்கத்துல வந்து நில்லுங்க அம்மிணின்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். எம்புள்ளைக்குப் பிடிக்காதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

அம்மாவை ஓரத்தில் நிற்கச் சொன்னதும் நான், அந்த ஓரத்தில் கத்திரி வைக்கச் சொன்னதும் நான்.

தாலிப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதற்கு அடுத்த படத்தில் அம்மா நிற்கிறாள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.