தறிச் சத்தத்தில் ஒரு பின்னக் கணக்கு

நாற்பது நொடி. சராசரியாக அதற்கு மேல் பிள்ளைகள் என் பாடத்தில் நிற்கவில்லை என்று ஹரிபிரசாத் சார் சொன்னபோது வந்த கோபத்தில், லேப்டாப்பை மூடி அவர் தலையிலேயே ஒன்று வைத்திருப்பேன். சம்பளம் கொடுக்கிற தலை என்பதால் விட்டுவிட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஆப் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது, திருப்பதியில். பாடத்தை எப்படிச் சொன்னால் பிள்ளை எழுந்து ஓடாமல் உட்காரும் என்று யோசிப்பது என் வேலை. நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் தெலுங்கில் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து பாதிப் பேருக்கு வராது. அதனால் ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கை எழுத்தே இல்லாமல், முழுக்கத் தமிழ்ப் பேச்சில் செய்யலாம் என்று சாரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். புத்தூர்க்காரியான நானே நாற்பது பாடமும் பேசினேன். ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்துப் பேசிய குரல் அது. அதைத்தான் நாற்பது நொடியில் அணைத்துவிட்டுப் போகிறார்களாம்!

"ஒரு மாசம் பாப்போம் மேடம். ஆவரேஜ் எட்டு நிமிஷம் வரலைன்னா தமிழ் வெர்ஷன் ஆபேத்தாம். நிறுத்திடலாம்," என்றார் சார், தெலுங்கும் தமிழுமாக.

"செவ்வாய்க்கிழமையப் பாருங்க சார்! சாயந்தரம் அஞ்சு மணிக்கு முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல இருபது நிமிஷம் கேட்டிருக்காங்க. பாடம் நல்லா இருந்தா கேக்கத்தான் செய்யுதுங்க!"

அன்றைக்குப் போட்ட பாடம் அரையும் காலும் கூட்டுவது. அதில் அப்படி என்ன நன்றாக இருந்தது என்று தெரிந்துகொள்ள, மறுநாளே ரயிலேறி நகரிக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். அதிக நேரம் கேட்டிருந்த பிள்ளையின் பெயர் அக்ஷயா. விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

முன் அறையில் இரண்டு பவர்லூம். ஒன்றை அக்ஷயாவின் அம்மா செங்கம்மா ஓட்டினாள், மற்றதை அப்பா முனிகிருஷ்ணன். காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி சத்தம். என் பெயரை மூன்று முறை கத்தினேன். செங்கம்மா சிரித்தபடி என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"இன்னா மேடம், செவ்வாக்கெழமயா? அன்னிக்கி சாயந்தரம் கரண்டு போச்சு. தறி நின்னுச்சு. அப்பத்தான் உங்க கொரலே காதுல வுழுந்துச்சு. மத்த நாள்ல போனு பேசிக்கினு கீதா, சும்மா கீதான்னே தெரியாது."

என் மானம் கப்பலேறியது. ஊரெல்லாம் தறி ஓடுகிற இடத்துக்குக் காதால் கேட்கிற பாடம் செய்திருக்கிறேன், அதுவும் பக்கத்து ஊர்க்காரி!

"ஹெட்போன் வாங்கிக் குடுத்தா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"வூட்ல கீறது ஒரு போனு. புள்ளைங்க மூணு. யாரு காதுல மாட்டறது?"

டீ சாப்பிட்டுப் போகச் சொல்லி மறுபடி உள்ளே கூட்டிப் போனாள். அங்கேதான் அதைப் பார்த்தேன். செங்கம்மா ஒரு விரலை நிமிர்த்தி, இன்னொரு கையால் நடுவில் வெட்டுவது போலக் காட்டினாள்: பாதி டம்ளர் வேணுமா? முனிகிருஷ்ணன் தலையாட்டி மறுத்து, தன் விரலில் இன்னும் கீழே வெட்டிக் காட்டினான். கால் டம்ளர் டீ அவனுக்குப் போனது. தறியில் நூல் இன்னும் எவ்வளவு பாக்கி என்று அக்ஷயா கையை ஆட்டிக் கேட்டாள். அவன் நாலு விரல் காட்டி ஒன்றை மடக்கினான். முக்கால்! அதை நெய்து முடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போக முடியாது என்று பிள்ளையின் மூஞ்சி சுருங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில் வாயால் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் அந்த வீட்டில் எல்லாமே கைதான், பின்னக் கணக்கு உட்பட.

"அடிப்பாவி தேவசேனா!" என்று என்னையே திட்டிக்கொண்டேன். கத்தித்தான் திட்டினேன், யாருக்குக் கேட்கப் போகிறது?

அடுத்த வாரம் என் குரலை எடுத்துவிட்டு, செங்கம்மாவின் கைகளைப் படம் பிடித்தேன். "பின்னம் வராம அஞ்சாவதோட நின்னவ நானு. என் கையப் போயி எடுக்கறீங்களே," என்று அவள் வெட்கப்பட்டாள். பேச்சே இல்லாத பாடம். வெறும் கை, விரல், டம்ளர், நூல்.

மாதக் கடைசியில் ஆவரேஜ் ஏழு நிமிஷம் வந்தது. எட்டு இல்லை, ஏழு!

"எட்டுன்னா எட்டுதான் மேடம்," என்றார் சார்.

"நேர்ல வந்து பாத்துட்டு மூடுங்க. பாக்காம மூடினா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்!"

என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, வந்தார். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அக்ஷயா போனை மடியில் வைத்து, திரையில் அம்மாவின் கையைப் பார்த்துத் தன் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். சார் என்னவோ கத்திக் கேட்டார். அவள் நிமிரவே இல்லை. சாருக்கு முகம் மாறவில்லை. தன் போனில் 0.5 என்று அடித்து, செங்கம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அடுத்த பாடம் தசமம், இதைக் கையால் எப்படிக் காட்டுவாய் என்று கேட்கிறார். தொலைந்தது என்று நினைத்தேன்.

செங்கம்மா அதை உற்றுப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். செங்கம்மா கையை நீட்டித் தன் தறியை நிறுத்தினாள். முனிகிருஷ்ணன் பதறிப்போய் ஏன் என்று கையாட்டினான். உன்னுடையதையும் நிறுத்து என்று அவள் காட்டினாள். அவனும் நிறுத்தினான்.

வீடு அமைதியானது. அக்ஷயா முதல் முறையாகப் போனைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார் இது, பூஜ்யத்துக்கு அப்பால ஒரு புள்ளி? எனக்குத் தெரியாது. நீங்க சொல்லிக் குடுங்க. வெளங்கிச்சின்னா நாளைக்கே கையில காட்டறேன்."

சார் என்னைப் பார்த்தார்.

"கரண்டு இருக்கறப்ப நகரியில யாரும் தறிய நிறுத்த மாட்டாங்க சார்," என்றேன்.

அவர் நூல் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். "பயப்படாதீங்கம்மா, இது உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான்," என்று ஆரம்பித்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மேடம், தமிழ் வெர்ஷன் நிறுத்தல. தசமமும் இந்தம்மா கையிலயே எடுக்கலாம். ஆனா முதல்ல இவங்க கத்துக்கட்டும். நடுவுல நீங்க பேசக் கூடாது."

வாழ்க்கையில் முதல் முறையாக, ஒருத்தர் வாயை மூடச் சொன்னதற்குச் சந்தோஷமாக மூடினேன்.