ரைற்றன் விண்ணப்பமும் ஒன்பது இருபத்தாறும்

1989 ஆகஸ்ட் மாதம் எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் வெளிநாட்டுக்குப் போகாமல் மிஞ்சியிருந்த இளைஞர்கள் பதினேழு பேர். கணக்கெடுத்தவன் நான். அதில் பதினைந்து பேர் ஏஜென்சிக்காரனின் தந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேர் நானும் அரியநாயகமும். என்னைக் கூப்பிட வெளியில் ஒருவரும் இல்லை. அரியம் போகாததற்குக் காரணம் வேறு. அவனுக்கு இருபத்தைந்தாம் திகதி வேலை இருந்தது.

வொயேஜர் என்ற ஆளில்லா விண்கலம் பன்னிரண்டு வருஷம் பறந்து அன்றைக்குத்தான் நெப்ரியூன் கிரகத்தைக் கடக்கப்போகிறது. நெப்ரியூனுக்கு ரைற்றன் என்று ஒரு சந்திரன். பனிக்கட்டி மூடிய சந்திரன். சைபருக்குக் கீழே இருநூறு பாகைக்கும் அப்பால் குளிர். கிட்டப் போய்ப் பார்த்த சீவன் கிடையாது. அரியம் சார்ச் இறங்கிச் செத்த பற்றிகளை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்து, அவனுடைய சின்ன ரேடியோவில் இதைப் பற்றி வந்ததையெல்லாம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையின் ஆசிரியர். சுவர்ப் பத்திரிகை என்றால் நாலு தாள், கொஞ்சம் பசை, ஒரு சுவர். ரைற்றனைப் பற்றி ஒரு விஞ்ஞானக் கதை எழுதி ஒட்டியிருந்தேன். கரம்பொன் ஆள் ஒருவர் பெரிய பாடுபட்டு அங்கே போய் இறங்க, ஏற்கெனவே அங்கே எங்களைப் போல ஒரு தீவான் பலசரக்குக் கடை போட்டு இருக்கிறார். இதுதான் கதை.

அரியம் சுவருக்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தான். சிரிக்கவில்லை.

"மச்சான், உன்ரை கதையிலை விடியச் சேவல் கூவுது."

"ஓம். அதுக்கென்ன?"

"அங்கை காத்து இல்லாததுக்குச் சமன். சத்தம் எப்பிடிக் கேக்கும்?"

"அப்ப, சேவல் வாயை மட்டும் திறந்தது எண்டு மாத்திவிடவோ?"

"முதல் விடியிறதை மாத்து. அங்கை தெற்குப் பக்கத்திலை இப்ப ஒரேயடியாப் பகல். எங்கடை ஆயுசுக்கு இருட்டாது."

இப்படிப்பட்ட ஒருவனோடு கூட்டுச் சேர்ந்து பத்திரிகை நடத்துவது கஷ்டம். ஆனாலும் அடுத்த இதழுக்கு அவனையே கூட்டுச் சேர்த்தேன். ரைற்றனில் குடியேற ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தோம். தட்டெழுத்து வகுப்பு நடத்தும் மாக்கிறேற் அக்காவிடம் கெஞ்சி, தமிழிலும் இங்கிலீசிலும் அடித்து, ரோணியோவில் முப்பது பிரதி எடுத்தோம். உச்சியில் ஒரு சின்னம்: வளையமும் ஒரு பனைமரமும். மின்சாரம் இல்லாமல் எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறீர், நல்ல தண்ணீருக்கு எத்தனை மைல் நடந்திருக்கிறீர் என்றெல்லாம் கேள்விகள். தீவுப்பகுதியார் இவற்றுக்கு விடையளிக்கத் தேவையில்லை என்று கீழே குறிப்பு. ரைற்றனில் தண்ணீர் தாராளம், கருங்கல்லைப் போல இறுகியிருக்கும் என்ற விளக்கம் அரியம் சேர்த்தது. அவன் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

முதலாவது படிவத்தை அவனே நிரப்பினான். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், 'பார்த்துவிட்டுத் திரும்புதல்' என்று எழுதினான். இந்தத் தீவில் எந்தப் படிவத்திலும் ஒருவரும் திரும்புதல் என்று எழுதினதில்லை, அதை வெட்டு என்றேன். அவன் வெட்டவில்லை.

இருபத்திரண்டாம் திகதி இந்திய ஆமி சுற்றிவளைத்து ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டு போனது. நான் அந்த நேரம் பெரியம்மா வீட்டு நெற்கூட்டுக்குள் இருந்தேன். பின்னேரம் நாலு பேரை விட்டுவிட்டார்கள். அரியத்தை விடவில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனுடைய தாய் சறோஜினிதேவி மாமி இரண்டு நாள் முகாம் வாசலில் நின்று திரும்பி வந்தார்.

அதற்கு முதல் கிழமைதான் முருகேசரின் மகனைப் பிடித்து, ஜேர்மனிக்குப் போகிற கடதாசியைக் காட்டியதும் விட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கடதாசி இருந்தால் விடுவார்கள் என்பது அதோடு ஊரில் சட்டமாகிவிட்டது.

இருபத்தைந்தாம் திகதி காலை மாமி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு பைல்.

"தம்பி மூர்த்தி, சைக்கிளை எடும். முகாமுக்குப் போவம். இதை எழுதின ஆள் நீர்தானே. கேட்டால் சொல்ல ஒரு ஆள் வேணும்."

பைலைத் திறந்தேன். ரைற்றன் படிவம் கிடந்தது. அரியம் நிரப்பியதுதான். ஆனால் இப்போது அதில் மூன்று முத்திரைகள் இருந்தன.

எங்கள் தீவில் ஒரு கடதாசிக்குச் சமாதான நீதவானின் முத்திரை விழுந்த பிறகுதான் உயிர் வரும். பிறப்புச் சாட்சிப் பத்திரமோ, மாடு தொலைந்த முறைப்பாடோ, எல்லாம் அப்புத்துரை ஐயாவிடம் போகும். ஐயா வாசிப்பதில்லை. வாசித்தால் வந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. 'உண்மைப் பிரதி' என்று குத்திக் கையெழுத்து வைத்திருந்தார். ஐயாவின் முத்திரையைக் கண்ட கிராமசேவகர் தில்லைநாதன், தன் பங்குக்கு எழுதியிருந்தார்: 'மேற்படி நபரை எனக்கு நேரில் தெரியும். நன்னடத்தையுள்ளவர். இவர் ரைற்றன் செல்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை.' இவர்கள் இரண்டு பேரும் வைத்த பிறகு தான் மட்டும் வைக்காமல் விட்டால் மரியாதை இல்லை என்று கோயில் மனேச்சரும் ஒன்று குத்தியிருந்தார். பின்னால் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் இரண்டு படங்களும் ஊசி குத்தி இணைக்கப்பட்டிருந்தன.

நான் எழுதிய எதையும் இதுவரை ஒருவரும் நம்பியதில்லை.

மாமியைக் கரியரில் இருத்தி மிதித்தேன். குடையை விரித்துப் பிடித்திருந்தார். பாதி வழியில் எனக்குப் பொறுக்க ஏலாமல் போயிற்று.

"மாமி, ஒண்டு சொல்லவேணும். ரைற்றன் ஒரு நாடு இல்லை."

"ம்."

"அது ஒரு சந்திரன். ஆள் பேர் இல்லை. நாங்கள் பகிடிக்கு அடிச்சனாங்கள்."

"அது எனக்குத் தெரியும். அவன் சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருந்தும் அதைத்தானே சொல்லுறவன். நெப்ரியூனுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்துற சந்திரன். நான் என்ன மடைச்சியே?"

சைக்கிள் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

"பேந்து ஏன் மாமி இதைக் கொண்டு போறியள்?"

"என்னட்டை வேறை என்ன கடதாசி கிடக்கு? சொல்லும் பாப்பம். முகாமிலை இருக்கிறவைக்கு உது சந்திரன் எண்டு ஆர் சொன்னது? நீர் வாயைத் திறக்காமல் நிண்டால் காணும்."

ஒன்பது மணிக்குப் பிறகுதான் முகாமை அடைந்தோம். வாசலில் காவலுக்கு ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். துவக்குகள் எல்லாம் றோட்டைப் பார்த்து, அதாவது எங்களைப் பார்த்து இருந்தன. ஒரு படிவத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நினைத்தேன்.

"யாரது! கையத் தூக்கு! ரெண்டு பேரும்!"

நான் தூக்கினேன். மாமி குடையோடு தூக்கினார்.

எங்களைக் குனியவைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான் ஒரு சிப்பாய். அக்கரைத் தமிழ் பேசுகிறவன்; மொழிபெயர்ப்பும் அவன்தான். விறாந்தையில் கப்டன் இருந்தார். மேசையில் ஒரு பெரிய ரேடியோ, கழற்றி வைத்த மணிக்கூடு, ஒரு கொப்பி. அந்தக் கொப்பி எனக்குத் தெரியும்.

"சார் கேக்கிறாரு, இன்னிக்கு ஏன் வந்தீங்க? அதுவும் இந்த நேரத்துக்கு ஏன் வந்தீங்க?"

"பிள்ளைக்கு வெளியிலை போகக் கடதாசி வந்திட்டுது," என்று மாமி பைலை நீட்டினார்.

கப்டன் இங்கிலீசுப் பக்கத்தை வாசித்தார். சின்னத்தைப் பார்த்தார். மூன்று முத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீசில் கேட்டார், ரைற்றன் எங்கே இருக்கிறது என்று.

நாடு என்று சொன்னால் பொய்க் கடதாசி. சந்திரன் என்று சொன்னால் நக்கல். மாமியின் விரல் என் முழங்கைக்குப் பின்னால் இறுக்கிக் கிள்ளியது. ஆனால் மேசையில் கிடந்த கொப்பி விரிந்திருந்தது. அரியத்தின் கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது. 'இருபத்தைந்தாம் திகதி. காலை 9.26. வடக்காலே மேலாலே போகும். நாலாயிரத்துத் தொளாயிரம். செய்தி வர நாலு மணித்தியாலம் ஆறு நிமிஷம்.'

மண்மூட்டைகள் எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. முகாமை அடிக்கிற நேரம் என்று எடுத்திருக்கிறார்கள்.

"சேர், அது நெப்ரியூனின்ரை சந்திரன்," என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் அள்ளிக் கொட்டினேன். விண்கலம், பன்னிரண்டு வருஷம், முகிலுக்கு மேலே நாலாயிரத்துத் தொளாயிரம் கிலோமீற்றர், எங்கள் நேரம் ஒன்பது இருபத்தாறு. அங்கிருந்து ரேடியோச் சைகை பூமிக்கு வர நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கொப்பியில் இருப்பது அதுதான். வேறொன்றுமில்லை.

கப்டன் மொழிபெயர்ப்புச் சிப்பாயைத் திரும்பிப் பார்த்தார். அவனுடைய முகம் மாறிவிட்டது. அவன் என்னிடம்தான் சொன்னான், மெதுவாக.

"அவனும் நெப்டியூன் நெப்டியூன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். அது யாரு, எந்த ஊர்க்காரன்னு கேட்டோம். எங்க இருக்கான்னு கேட்டோம். நானூறு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னான். நக்கல் பண்றான்னு நெனச்சு அப்பதான்…"

நக்கல் பண்ணுகிறவன் நான். என் வாழ்நாளில் அரியம் ஒரு பகிடி விட்டு நான் கேட்டதில்லை.

கப்டன் மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். ஒன்பது இருபத்தைந்து. மண்மூட்டைகளுக்குப் பின்னால் தலைகள் இன்னும் பதிந்தன. ஒன்பது இருபத்தாறு. கடலிலிருந்து காற்று வந்து கொப்பியின் ஒரு தாளைப் புரட்டியது. ஒன்பது இருபத்தேழு. ஒரு மாடு றோட்டைக் கடந்து போனது. ஐம்பது துவக்குகள் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது நாற்பதுக்குக் கப்டன் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டார்.

விடுங்கள் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்கு ரேடியோவில் இங்கிலீசுச் செய்தி உண்டு. கலம் கடந்தது என்று சொன்னால் பையன் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் கடதாசி எழுதிய ஆளும் சேர்ந்து உள்ளே இருக்கலாம் என்றார்.

அன்றைக்கு நான் நெப்ரியூனுக்காகக் கும்பிட்ட கும்பிடு கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு வருஷம் பழுதில்லாமல் போன கலம் இன்றைக்குப் பார்த்துப் பழுதாகக் கூடாது. அதன் அன்ரெனா இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். அப்படியே போனாலும், செய்தி வாசிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உலகத்தில் நடந்திருக்கக் கூடாது. மாமி பூவரசு நிழலில் நிமிர்ந்து இருந்தார். சிப்பாய் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். மாமி வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அதில் எறும்பு மொய்த்தது.

இரண்டேகாலுக்கு அரியத்தைக் கூட்டிவந்தார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மணி எத்தினை?" என்றான்.

"ரெண்டேகால்."

"அப்ப சைகை வந்திருக்கும்," என்று மேசைக்குப் பக்கத்துக் கதிரையில், ஒருவரும் சொல்லாமலே போய் இருந்தான்.

செய்தி தொடங்கியது. கரகரப்பு. ஒரு நாட்டில் தேர்தல், இன்னொரு நாட்டில் வெள்ளம். அரியம் கழுத்தைத் திருப்பினான். பிறகு உடம்பைத் திருப்பினான். பிறகு கதிரையோடு முழுவதுமாகத் திரும்பி, ரேடியோவுக்கு வலது தோளைக் கொடுத்தான். செய்தியைப் பார்க்க விருப்பமில்லாதவன்போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"என்னடா, ஏன் அங்காலை திரும்புறாய்?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன்.

எனக்கு விளங்க முதல் மாமிக்கு விளங்கிவிட்டது. எழும்பி நேரே விறாந்தைக்கு ஏறினார். ஒரு சிப்பாய் துவக்கைக் குறுக்கே பிடித்தான். கப்டன் கையைக் காட்ட விலகினான். மாமி கப்டனுடைய மேசையிலிருந்த கப்டனுடைய ரேடியோவை இரண்டு கையாலும் தூக்கி, மகனுடைய வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். செய்தி முடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிச் செய்தி அதுதான். கலம் நெப்ரியூனின் வட முனைக்கு மேலாக, குறித்த நேரத்தில், ஒரு பிசகும் இல்லாமல் கடந்துவிட்டது. ரைற்றனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

கப்டன் ரேடியோவை வாங்கி மேசையில் வைத்தார். விடுவிக்க ஒரு கடதாசி வேண்டும் என்றார். முகாமில் அந்தப் படிவம் முடிந்துவிட்டதாம். ரைற்றன் விண்ணப்பத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து, நாலாவது முத்திரையைக் குத்திக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் எழுதிய பகிடிகளில் அரசாங்க அலுவலுக்கு உதவியது அது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்து அரியத்தைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நான் உருட்டினேன். மாமி அவனுக்கு இடது பக்கமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"எப்ப தொடக்கம் உந்தக் காது?" என்று கேட்டார். அவன் பேசாமல் வந்தான். மாமி சைக்கிளைச் சுற்றி மற்றப் பக்கம் போய், திரும்பவும் கேட்டார்.

"முந்தநாள் தொடக்கம்," என்றான். "அம்மா, இண்டைக்குப் பின்னேரம் ரைற்றன் படம் பூமிக்கு வரும். இரவுச் செய்தியிலை சொல்லுவினம். வீட்டிலை பற்றி கிடக்குதே?"

வெயிலில் வைத்திருந்த நாலு பற்றியும் அப்படியே முற்றத்தில் கிடப்பதாக மாமி சொன்னார். மகனைப் பிடித்த நாளிலிருந்து அவற்றை எடுக்க அவருக்கு நினைவு வரவில்லையாம்.

"மூண்டு நாள் வெயிலோ?" என்றான் அரியம். "அப்ப நல்லா வேலை செய்யும்."

சொல்லிவிட்டு, கெதியாக உருட்டு என்று என் முதுகில் தட்டினான்.