குதிகால் எழும்பாமல்

தனக்கு நிச்சயித்த கோகுலன் நொண்டுகிறான் என்பதைச் சாருஜா கண்டுபிடித்தது இணுவில் கந்தசுவாமி கோயில் வாசலில். கலியாணக் கூறைச் சேலை எடுத்த கையோடு இரண்டு வீட்டாரும் அருச்சனைக்கு வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றியவன் வலது காலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பல்லைக் கடித்தான். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான்.

சாருஜா பள்ளிக்கூட நாட்களில் வலைப்பந்து விளையாடியவள். தொடையின் உட்புறத் தசை பிடித்தவர்கள் எப்படி நடப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கோகுலன் நெல்லியடிப் பக்கத்துக் கழகமொன்றின் கரப்பந்தாட்டக்காரன். வலைக்கு மேலே எழும்பி அடிப்பதில் பேர் எடுத்தவன். ஆனால் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து எவ்வளவோ நாளாகிறது. விளையாடாதவனுக்குத் தசை எப்படிப் பிடித்தது?

அதற்குப் பிறகு அவள் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பின்னேரங்களில் தொலைபேசி எடுத்தால் அவன் பதில் சொல்வதில்லை. பிறகு தானாக எடுத்து, இளைத்த குரலில், கடையில் நின்றதாகச் சொல்வான். அவனுடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெட்டிய சைக்கிள் ரியூப் ஒன்று கிடந்தது. பின் இருக்கையில் பாய் ஒன்று கட்டியிருந்தது. அம்மாவுக்கு வாங்கிய புதுப்பாய் என்றான். புதுப்பாயில் வியர்வை மணக்குமா?

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி கொடிகாமம் சந்தைக்குப் போய் வந்தார். கத்தரிக்காயைச் சுளகில் கொட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை, கண்டதைத்தான் சொல்லுறன். குருநகர்ப் பெட்டை ஒருத்தி அங்கை தனிய வாடகைக்கு இருக்கிறாள். உன்ரை மாப்பிள்ளை செருப்பைக் கழட்டிப்போட்டு வீட்டுக்காரன் மாதிரி உள்ளை போறார்."

மறுநாள் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால், தாலி கட்டும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. முகத்தைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்காமல் கழுத்தை நீட்ட அவளுக்கு மனமில்லை. தையல்காரியிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மாமி சொன்ன வீட்டு வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. யன்னல் திறந்திருந்தது. உள்ளே கோகுலன், தூணில் கட்டிய சைக்கிள் ரியூபைப் பிடித்துக்கொண்டு பாயில் குந்தியிருந்தான். அவன் பின்னால் முழங்காலில் நின்ற ஒரு பெண், இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைக் கீழே அமத்திக்கொண்டிருந்தாள்.

"துள்ளாதையுங்கோ. அப்பிடியே இருந்து மூச்சை விடுங்கோ. குதிகால் எழும்புது, கோகுலன் அண்ணை."

அண்ணை என்று யாரும் யாரையும் கூப்பிடலாம். சாருஜா கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

கோகுலன் அவளைக் கண்டதும் பின்பக்கமாகச் சரிந்து பாயில் விழுந்தான். அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. தன் பெயர் ஷெரோன் என்றும், விளையாட்டு வீரர்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவள் என்றும் சொன்னாள். வருடக்கணக்காகத் துள்ளித் துள்ளி இவருடைய கெண்டைக்கால் இறுகி, கணுக்கால் மடிய மறுக்கிறது என்றாள். குந்தினால் குதிகால் நிலத்தில் படாது, பிடிமானமும் இராது. இவர் முதலில் தானாகவே, உடம்பு சூடாகமுன்னம் காலை அகட்டி இழுத்து, தொடைத் தசையையும் நோகப் பண்ணிக்கொண்டுதான் இங்கே வந்தாராம். தேத்தண்ணி போடுகிறேன் என்று அவள் குசினிக்குள் போனாள்.

"கலியாணம் வைச்சிருக்கிற நேரத்திலை குந்திப் பழகி என்ன செய்யப் போறியள்?"

கோகுலன் பாயின் ஓரத்தைப் பிய்த்தான். பிறகுதான் அவனுடன் கூடப்பிறந்த அருட்செல்வன் அண்ணையின் கதை வந்தது. அண்ணையும் கரப்பந்தாட்டக்காரர்தான். அம்மி மிதிக்கும் நேரம், பெண்ணின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடக் குந்தியவர், சபை நடுவே மல்லாந்து விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அடுத்த வருடமே அண்ணி பிரிந்து போய்விட்டா. அந்த விழுகைதான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறா. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே விடமாட்டா.

"நான் விழுந்தால் அம்மா உம்மைத்தான் ஒருமாதிரிப் பாப்பா. அதுதான் சொல்லேல்லை."

"உங்களுக்குப் பொய் சொல்ல லேசா வருது," என்றாள் சாருஜா. "அதுதான் எனக்குப் பயம்."

அம்மிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல் ஒன்று சுவரோரம் கிடந்தது. அவள் அதைக் காலால் நகர்த்தி முன்னே நின்றாள்.

"இப்ப காட்டுங்கோ."

குந்தினான். அவள் பாதத்தைத் தூக்கிக் கல்லில் வைத்தான். குதிகால் எழும்பியது, உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. சாருஜா அவன் தோளைச் சேர்ட்டோடு பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சாய்வு நின்றது. இவ்வளவு நாளும் பெண் இல்லாமலே அம்மி மிதித்துப் பழகியிருக்கிறான் இந்த மனுசன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு காலிலை நிக்கிற பொம்பிளை மாப்பிள்ளையின்ரை தோளைப் பிடிச்சால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். நீங்கள் குதிகாலைப் பாருங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

பொன் உருகியது. தாலியும் ஏறியது. அம்மியடியில் கோகுலன் குந்தியபோது அவன் தாய் மணமக்களின் முகத்தைப் பார்க்கவில்லை. மகனுடைய குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றா. அது ஒரு கணம் எழும்பப் பார்த்தது. சால்வைக்கு மேலால் சாருஜாவின் விரல்கள் இறுகின. மெட்டி ஏறியது. அவன் எழுந்த பிறகுதான் அம்மா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தா. கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை கோகுலன், கேட்காமலே, மோட்டார் சைக்கிள் பெட்டிப் பூட்டின் இரண்டாவது திறப்பை அவள் கையில் வைத்தான். சாருஜா சிரித்துக்கொண்டே வாங்கினாள். அவன் குளிக்கப் போனதும் திறந்தும் பார்த்தாள். சைக்கிள் ரியூப் மட்டுந்தான் கிடந்தது.